மூச்சுக்கும் தூக்குக்கும் நடுவே

செல்போன் செயலிகள் கிடைக்கிற பெருங்கடையில் ஒரு செயலியைப் போடுவது மிக எளிது என்று பெருங்கடையே எழுதி வைத்திருக்கிறது. செய்யுங்கள், சேருங்கள், சம்பாதியுங்கள் என்று படம் போட்டு விளக்கியும் இருக்கிறார்கள். எல்லாப் படத்திலும் ஒரே ஆள்தான் சிரிக்கிறான். கடைசிப் படத்தில் அவன் இரண்டு மரங்களுக்கு நடுவே கட்டிய வலையில் மல்லாந்து கிடக்கிறான். செல்போன் அவன் வயிற்றின் மேல் கிடக்கிறது. என்னை இதில் இழுத்துவிட்டது அந்த வயிறுதான்.

நான் கிடங்கில் குரல்காரன். லாரியில் வருகிற பெரிய பொதிகளைத் தூக்க நான்கு பேர் வேண்டும். நான்கு பேரும் ஒரே நொடியில் தூக்க வேண்டும். அதற்குத்தான் குரல். ‘பிடி’ என்றால் குனிந்து மூலைக்கு ஒருவராகப் பிடிப்பார்கள். ‘மூச்சு’ என்றால் முழங்கால் உயரத்துக்கு எழுப்பி, காற்றை இழுத்து நெஞ்சில் நிறுத்துவார்கள். ‘தூக்கு’ என்றால் பொதி தோளுக்குப் போய்விடும். ‘விடு’ என்றால் இறக்குவார்கள். குரல் வராமல் தூக்கவும் கூடாது, குரல் வராமல் விடவும் கூடாது. ஒருவன் தன் பாட்டுக்குக் கையை எடுத்தால் மற்றவர்களின் கால் பொதிக்கு அடியில் போய்விடும். எங்கள் கூட்டத்தில் ஆறடி என்று ஒருவன் இருக்கிறான். ஆள் குட்டை, அதனால் அந்தப் பெயர். அவனுடைய இடது காலில் கட்டைவிரல் கிடையாது. யாரோ ஒருவன் குரலுக்குக் காத்திராத நாளில் போனது அது.

இடுப்பு தேயும்வரை நானும் பொதி சுமந்தவன்தான். அதன் பிறகு மேஸ்திரி என்னை, லாரியில் சாய்த்த பலகை ஓரத்தில் நிறுத்திக் குரல் கொடுக்கச் சொன்னார். நின்ற இடத்தில் நின்று கத்தினால் போதும். அந்த இடத்தை விட்டால் எனக்கு வேறு இடம் இல்லை. அதற்குள் தொண்டை கட்டிக்கொண்டது. டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்தார்.

“கத்துறதை நிறுத்துங்க. இல்லாட்டி அதுவா நின்னுடும்.”

“கல்யாணம் ஆனதுலேர்ந்து நானும் இதைத்தான் சொல்றேன் டாக்டர்,” என்றாள் என் மனைவி. “ஃபீஸ் வாங்காம சொன்னேன், அதான் மண்டையில ஏறலை.”

அவளும் கிடங்கில்தான் வேலை பார்க்கிறாள், கிழிந்த சாக்கைத் தைப்பாள். குரல் போனால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும். மறுபடியும் பொதிக்கு அடியில் போக வேண்டும். என் இடுப்பு அதற்குத் தாங்காது.

வழி கண்டுபிடித்தது அவள் தம்பி. செல்போன் ரிப்பேர் கடை வைத்திருக்கிறான். “மாமா, இருக்கிற குரல் போறதுக்குள்ள அதைப் பிடிச்சு உள்ள போட்டுருவோம்” என்றான். கடையின் ஷட்டரை இறக்கி, என் தலைக்கு மேல் ஒரு போர்வையைப் போட்டு மூடி, கத்தச் சொன்னான். கத்தினேன். பக்கத்துக் கடைக்காரர் ஓடிவந்து ஷட்டரைத் தட்டி, யாரை அடிக்கிறீர்கள் என்று கேட்டார். அவ்வளவு நன்றாக வந்திருந்தது.

இரண்டே இரண்டு பொத்தான். ஒன்றை அழுத்தினால் பிடி, மூச்சு, தூக்கு என்று வரிசையாக வரும். மற்றொன்று விடு. அதைப் பெருங்கடைக்கு அனுப்பினோம். அனுப்புவதற்கு முன் ஒப்பந்தம் ஒன்று வந்தது. நான் எழுத்துக் கூட்டிப் படிக்கிற ஆள். அடியில் இருந்த ‘ஒப்புக்கொள்கிறேன்’ என்ற சொல்லின் கடைசி எழுத்துக்கு நான் போய்ச் சேர்வதற்குள், நேரம் முடிந்துவிட்டது என்று திரை மூடிக்கொண்டது. பிறகு மச்சான் என் விரலைப் பிடித்து அழுத்தினான்.

முதல் பதில் வந்தது. ‘உங்கள் செயலி ஏற்கப்படவில்லை. சோதனை அலுவலர் பொத்தானை அழுத்தினார். ஓர் ஆண் அலறினார். எதுவும் உயரவில்லை.’

தூக்க வேண்டியது மனிதர்கள்தான் என்று விளக்கி எழுதினோம். இரண்டாவது பதில் வந்தது. ‘மூச்சு இழுக்கும் ஓசை காரணமாக இச்செயலி வயதுவந்தோருக்கான பிரிவுக்கு மாற்றப்பட்டுள்ளது.’

என் மனைவி தைத்துக்கொண்டிருந்த ஊசியைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தாள். “இந்த மூச்சுக்கா? ஐயோ, பக்கத்துல படுத்துப் பார்க்கச் சொல்லு அவங்களை.”

‘மூச்சு’ என்ற சொல் மட்டும் இருக்கட்டும் என்று, மூச்சின் ஓசையை வெட்டி எடுத்தோம். மூன்றாவது பதில் இன்னும் கனிவாக இருந்தது. ‘பயனர்களிடமிருந்து எந்தத் தகவலையும் சேகரிக்கவில்லை என்று கூறியுள்ளீர்கள். இது சந்தேகத்தை எழுப்புகிறது.’ பெயரும் பிறந்த தேதியும் கேட்டு ஒரு பக்கத்தைச் சேர்த்தோம். கேட்ட தகவலை என்ன செய்வோம் என்று எங்களுக்கும் தெரியாது. உடனே ஏற்றுக்கொண்டார்கள்.

பலகை ஓரத்துத் தூணில் செல்போனைக் கட்டித் தொங்கவிட்டோம். நான் பக்கத்தில் நின்று பொத்தானை அழுத்துவேன். என் பழைய குரல் கணீரென்று வரும், பொதி போகும். “இது உன்னைவிட நல்லாக் கத்துதுப்பா. இடையில இருமலும் இல்லை, கெட்ட வார்த்தையும் இல்லை” என்றான் ஆறடி. மேஸ்திரிக்கும் திருப்தி. மற்றக் கிடங்குகளிலும் எடுத்துக்கொண்டார்கள். சில நாட்கள் நான் கைகட்டி நின்றேன். அந்த வலையில் கிடக்கிற ஆள் எப்படி உணர்ந்திருப்பான் என்று ஓரளவு புரிந்தது.

பிறகு கிடங்கு மேலாளர் கூப்பிட்டார். அவர் மேசையில் பெருங்கடை கொடுத்த சான்றிதழ் சட்டம் போட்டு நின்றது.

“இன்ஷூரன்ஸ்காரங்க சொல்லிட்டாங்க. இனிமே சான்று உள்ள குரல்லதான் தூக்கணும். மனுஷன் குரல் கொடுத்துத் தூக்கி அடிபட்டா ஒத்தைக் காசு கிடையாது. மனுஷன் தொண்டைக்கு எவன் சான்று கொடுப்பான்? அதனால கிடங்குல இனி யாரும் வாயால குரல் கொடுக்கக் கூடாது.”

“அது என் குரல்தானே சார்?”

“அதைத்தான் நானும் சொல்றேன். உன் குரலை வச்சுக்கிட்டோம். உன்னை எதுக்குத் தனியா வச்சுக்கணும்? பொத்தானை மேஸ்திரி அழுத்திட்டு அவரு வேலையைப் பார்ப்பாரு. பொதியில ஒரு மூலை காலியா இருக்கு, போய்ப் பிடி. சும்மா நிக்கிறவனுக்குக் கூலி கொடுத்தா மேலிடம் என்னைக் கேள்வி கேட்கும். நானும் சும்மா உட்கார்ந்திருக்கிறவன்தான், ஆனா எனக்கு நாற்காலி இருக்கு.”

இப்படியாக என் குரல் என்னை வேலையிலிருந்து எடுத்தது. ‘மூச்சு’ என்று நானே எனக்கு ஆணையிட்டேன், நானே இடுப்பு நோகப் பொதியை எழுப்பினேன். தொண்டையும் அந்த வாரத்தோடு முழுதாக அடங்கியது. இப்போது என்னிடம் இருப்பது காற்று மட்டும்தான்.

“கவலைப்படாதீங்க மாமா, வருமானம் வர ஆரம்பிச்சா வேலையை விட்டுடலாம்” என்றான் மச்சான். பெருங்கடையின் பக்கத்தில் ‘வருமானத்தை இயக்கு’ என்று ஒரு பச்சைப் பொத்தான் துடித்துக்கொண்டே இருந்தது. இந்த முறை யாரும் விரலைப் பிடிக்கவில்லை. நானே அழுத்தினேன். பொதிக்கு அடியிலிருந்து வெளியே வர எனக்குத் தெரிந்த ஒரே கதவு அது.

மறுநாள் காலை மேஸ்திரி பொத்தானை அழுத்திவிட்டு நகர்ந்தார்.

“பிடி” என்றது செல்போன். பிடித்தோம்.

“மூச்சு” என்றது. முழங்கால் உயரத்துக்கு எழுப்பி, காற்றை நிறுத்தினோம்.

இனிமையான சங்கீதம் ஒன்று கேட்டது. ஒரு பெண் குரல் குழைந்து குழைந்து பேசியது. “உங்கள் முதுகு ஓய்வு கேட்கிறதா? மேகத்தைப் போன்ற மெத்தை…”

“யாருடா இவ?” என்று பல்லைக் கடித்தபடி கேட்டான் ஆறடி.

“விடலாமா?” என்றான் இன்னொருவன்.

“விடாதே! குரல் வரலை. எவனும் விடாதே!” என்றான் ஆறடி.

விடவில்லை. மெத்தையில் எத்தனை அடுக்கு இருக்கிறது, துவைக்க முடியுமா, தவணையில் கிடைக்குமா என்று எல்லாம் கேட்டுத் தெரிந்துகொண்டோம். தூணில் செல்போனின் மூலையில் ‘தவிர்’ என்ற சிறிய பெட்டி மினுங்கியது. அதைத் தொட ஒரு விரல் போதும். எங்கள் விரல்கள் எல்லாம் பொதிக்கு அடியில் இருந்தன. கடைசியில் என் குரல் வந்தது. “தூக்கு!” தூக்கினோம். ஆறடி என் குலத்தையே திட்டினான்.

மச்சான் விசாரித்து வந்து சொன்னான். விளம்பரத்தை எங்கே போடுவது என்று பெருங்கடையின் இயந்திரம்தான் முடிவு செய்யுமாம். செயலியில் எங்கே இயல்பான இடைவேளை இருக்கிறதோ அங்கே போடுமாம். மூச்சுக்கும் தூக்குக்கும் நடுவில் இருக்கிற அந்த ஒரு நொடியை அது கண்டுபிடித்துவிட்டது. இணையத்தை அணைத்தால் செயலியே ஓடாது.

இரண்டு நாள் என் மனைவி காப்பாற்றினாள். சங்கீதம் கேட்டதும் சாக்கை உதறிவிட்டு ஓடிவந்து ‘தவிர்’ பெட்டியை அழுத்துவாள். மூன்றாம் நாள் பெருங்கடையிலிருந்து எச்சரிக்கை வந்துவிட்டது. அவளையும் கூட்டிக்கொண்டு நேரில் வர வேண்டும் என்றிருந்தது.

பெருங்கடைக்கு எங்கள் பக்கத்தில் ஒரு படைப்பாளர் உறவு மையம் உண்டு. சுவர் முழுக்கக் கண்ணாடி. உட்கார நாற்காலி கிடையாது. வண்ண வண்ணமாக மூட்டைகள் கிடந்தன. மூட்டையின் மேல் உட்காரச் சொன்னார்கள். எனக்குப் பழக்கம் இல்லை. மூட்டைதான் என் மேல் உட்காரும். உறவு அலுவலர் இளைஞர், மிகவும் மரியாதைக்காரர், கழுத்தில் அட்டை தொங்கியது.

“ஐயா, எங்க கடையில எல்லாரும் சமம். கோடிக்கணக்கான பேர் வச்சிருக்கிற செயலியும் ஒண்ணுதான், உங்க செயலியும் ஒண்ணுதான். ரெண்டு பேர் எழுதுற புகாரையும் நாங்க படிக்கிறதில்லை.”

“அப்ப எங்களை எதுக்குக் கூப்பிட்டீங்க தம்பி?” என்றாள் மனைவி.

“இது புகார் இல்லைம்மா, குற்றம். குற்றத்தை மட்டும் உடனே கவனிப்போம். படைப்பாளரோ அவர் குடும்பமோ சொந்தச் செயலியில வர்ற விளம்பரத்தைத் தொடவே கூடாது. தொட்டா கணக்கை மூடிடுவோம். கணக்கு போனா சான்று போயிடும், சான்று போனா உங்க கிடங்குல பொதியே தூக்க முடியாது. ஐயா, நீங்க ஒருதடவை சொல்லுங்க. என் கையால் என் விளம்பரத்தைத் தொட மாட்டேன்.”

நான் வாயை அசைத்தேன். காற்று வந்தது.

“நாலு பேர் இடுப்பு ஒடியுது தம்பி. இவரைப் பாருங்க, நிமிர்ந்து நிக்க முடியலை” என்றாள் அவள்.

“வருத்தமா இருக்கும்மா. ஆனா அவங்க நாலு பேரும் பயனர்கள். பயனர்களோட அனுபவத்துல படைப்பாளர் தலையிடக் கூடாது.”

“அதுல ஒரு ஆளு இவருதாங்க!”

“அப்படின்னா இவர் பயனரா இருக்கிற நேரத்துல புகார் எழுதலாம்” என்று சொல்லிவிட்டு, அதைப் படிக்க மாட்டோம் என்பதை மறுபடியும் நினைவூட்டினார்.

விளம்பரமே வேண்டாம், எடுத்துவிடுங்கள் என்று ஒரு தாளில் எழுதிக் காட்டினேன். அவர் மலர்ந்தார். தாராளமாக எடுக்கலாமாம். ஆனால் சேர்ந்த வருமானத்தை ஒருமுறையாவது கையில் வாங்கிய பிறகுதான் எடுக்க முடியும். வாங்குவதற்குக் குரலின் உரிமையாளர் நான்தான் என்று நிரூபிக்க வேண்டும். சுவரில் இருந்த ஒரு துளைக்கு முன் என்னை நிறுத்தினார்கள்.

“தூக்கு என்று சொல்லவும்” என்றது துளை.

நான் இருந்த காற்றையெல்லாம் திரட்டினேன். கண்ணாடியில் ஆவி படிந்தது.

“பொருந்தவில்லை. குரலின் உரிமையாளரை அழைத்து வரவும்.”

“இவருதான் அவரு! எனக்குத் தெரியாதா? இந்தக் குரல்லதானே இத்தனை வருஷம் சோறு கேட்டாரு?”

“உங்க பாசம் புரியுதும்மா,” என்றார் அலுவலர். “ஆனா மனைவிங்கிறது எங்க ஆவணப் பட்டியல்ல இல்லை. மின்சார ரசீது இருந்தா கொண்டு வாங்க.”

கொண்டுபோனோம். ரசீதில் குரல் இல்லை என்று திருப்பி அனுப்பினார்கள். கூடவே, இன்னொருவரின் குரலைத் தன்னுடையது என்று கூறிய நபர் என என்னைக் குறித்து வைத்தார்கள். கணக்கை மூடிவிடுங்கள் என்று மச்சான் எழுதிக் கேட்டான். உரிமையாளர் கேட்டால்தான் மூட முடியும் என்றார்கள்.

அதன் பிறகு நான் தினமும் பிடித்தேன், மூச்சை நிறுத்தினேன், மெத்தையைப் பற்றிக் கேட்டேன். ஆறடி அந்தச் சங்கீதத்தை முனகவே ஆரம்பித்துவிட்டான். அப்படி ஒருநாள் சாயங்காலம் மச்சான் மூச்சு வாங்க ஓடிவந்தான்.

“மாமா, விருது! உங்களுக்கு விருது கொடுக்கிறாங்க!”

பெருங்கடை முழுவதிலும், வந்த விளம்பரத்தை ஒருவர்கூடத் தவிர்க்காமல் கடைசிவரை கேட்கிற செயலி எங்களுடையது மட்டும்தானாம்.

பெரிய மண்டபம், குளிர் தாங்க முடியவில்லை. மண்டலத் தலைவர் மேடையில் பேசினார். வெள்ளைச் சட்டை, காலில் ஓட்டப் பந்தய ஷூ.

“நண்பர்களே, உலகமெங்கும் பயனர்கள் விளம்பரம் வந்ததும் விரலை நீட்டுகிறார்கள். விரல்தான் நம் எதிரி. எத்தனையோ அறிஞர்களை வைத்து ஆராய்ந்தோம். பெட்டியைச் சிறிதாக்கினோம், மறைத்தோம், நகர்த்தினோம். விரல் கண்டுபிடித்துவிடுகிறது. இதோ, இந்த எளிய மனிதரின் பயனர்கள் விரலையே நீட்டுவதில்லை! ஏன்? ஈடுபாடு! அவர்கள் மெய்மறந்து, மூச்சை அடக்கிக் கேட்கிறார்கள் என்று எங்கள் கருவிகள் சொல்கின்றன. இனி வரும் எல்லாச் செயலிகளும் பயனரின் இரண்டு கைகளையும் இப்படி அன்பாகப் பிடித்து வைத்துக்கொள்ள வேண்டும். இவரைக் கௌரவிக்கும் விதமாக, இன்று முதல் இவருடைய செயலியில் விளம்பரத்தின் நீளத்தை இரட்டிப்பாக்குகிறோம்!”

கைதட்டல் அடங்கவே இல்லை. மேல்வரிசையில் இருந்து மனைவி “அடப்பாவிகளா” என்று சொன்னது அதில் அமுங்கிப்போனது.

விருது கருங்கல்லில் செய்த ஒரு கட்டைவிரல். என் இடுப்பு உயரம் இருக்கும். அதை என் செயலியைக் கொண்டே தூக்கிக் கொடுத்தால் படம் நன்றாக இருக்கும் என்று யாருக்கோ தோன்றியிருக்கிறது. மண்டலத் தலைவரும், உறவு அலுவலரும், இன்னும் இரண்டு பெரிய மனிதர்களும் நான்கு பக்கமும் நின்றார்கள். செல்போனை என் பக்கத்தில் ஒரு கண்ணாடிக் கம்பத்தில் வைத்தார்கள். பொத்தானை அழுத்தும் பெருமை எனக்கு. குரல் வராமல் விட்டால் கால் போய்விடும் என்று மட்டும் மச்சான் அவர்களிடம் என் சார்பில் சொன்னான். “அற்புதமான பண்பாடு” என்றார் தலைவர். நான் அழுத்தினேன்.

“பிடி.” பிடித்தார்கள்.

“மூச்சு.” சரியாக முழங்கால் உயரத்துக்கு எழுப்பினார்கள். நன்றாகவே எழுப்பினார்கள், குறை சொல்லக் கூடாது.

சங்கீதம் தொடங்கியது. “உங்கள் முதுகு ஓய்வு கேட்கிறதா?”

கூட்டம் ரசித்துச் சிரித்தது. மேடையில் நான்கு பேரும்கூடச் சிரிக்க முயன்றார்கள். அடுக்குகளைப் பற்றிச் சொல்லும் இடம் வருவதற்குள் சிரிப்பு பல்லாக மட்டும் நின்றது. துவைக்கும் இடத்தில் தலைவரின் கழுத்து நரம்பு புடைத்தது. அந்த முகங்களை எனக்கு நன்றாகத் தெரியும். அவற்றுக்கு நடுவில்தான் தினமும் நிற்கிறேன்.

“ஐயா,” என்றார் உறவு அலுவலர், உதடு அசையாமல். “தவிர்… அதைத் தொடுங்க…”

கம்பம் என் முழங்கைக்கு அருகில் இருந்தது. பெட்டி மினுங்கியது. என் விரல்கள் இரண்டு கையிலும் சும்மாதான் இருந்தன. அவர் எனக்குச் சொல்லிக் கொடுத்த வாசகம் மனப்பாடமாக இருந்தது. காதருகே குனிந்து, இருக்கிற காற்றில் சொன்னேன்.

“என் கையால்… என் விளம்பரத்தைத்… தொட மாட்டேன்.”

கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டேன். தவணை விவரம் முடிந்தது. நான்கு பேரும் தலையை நிமிர்த்தினார்கள். நீளம் அன்றைக்குத்தான் இரட்டிப்பாகியிருந்தது. இரண்டாவது சங்கீதம் ஆரம்பித்தது. இது தலையணை. எல்லோரும் எழுந்து நின்று கைதட்டிப் படம் எடுத்தார்கள்.

மறுவாரம் பெருங்கடையிலிருந்து கடிதம் வந்தது. விழாவில் நான்கு உயர் அலுவலர்கள்கூட விளம்பரத்தைத் தவிர்க்கவில்லை என்பது செயலியின் தரத்துக்குக் கூடுதல் சான்றாகப் பதிவு செய்யப்பட்டிருக்கிறது. உறவு அலுவலர் இடுப்புப் பட்டை போட்டுக்கொண்டு விடுப்பில் இருக்கிறார். என் மின்சார ரசீதை மறுபடியும் கொண்டுபோனால் பார்க்க இப்போது ஆள் இல்லை. கல் விரலை லாரியில் அனுப்பியிருந்தார்கள். அதை இறக்க நான்கு பேர் வேண்டியிருந்தது.

மேஸ்திரி பொத்தானை அழுத்திவிட்டு நகர்ந்தார். ஆறடி எதிர் மூலையில். மனைவி ஊசியைச் சாக்கில் குத்தியபடி நிமிர்ந்து பார்த்தாள். அவள் இனி ஓடிவரக் கூடாது.

“பிடி” என்றேன் நான், தூணிலிருந்து. பிடித்தேன்.

“மூச்சு” என்றேன். எழுப்பி, காற்றை நெஞ்சில் நிறுத்தினேன்.

சங்கீதம் கேட்டது. நான் எப்போது வாயைத் திறப்பேன் என்று நானும் காத்திருந்தேன்.